கல் வைக்காத வெள்ளிக்கிழமை

ஃபிஜித் தீவில், ராக்கிராக்கிப் பக்கம், பினாங்கு என்று ஓர் ஊர். மலாயாவில் இருக்கிற பினாங்கு இல்லை; அது வேறு, இது வேறு. இங்கே ஒரு சர்க்கரை மில், மில்லைச் சுற்றிக் கரும்பு, கரும்பைச் சுற்றி மலை. மில் ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லைன் என்று பெயர்.

அந்த லைனில் சதுரங்கம் ஆட ஒரு சட்டம் இருந்தது. சாக்கை விட்டு எழுந்தவர் தோற்றவர்.

அதென்ன சாக்கு என்கிறீர்களா? பலகைக்கு எங்கே போவது! சர்க்கரை மூட்டைச் சாக்கு ஒன்றை விரித்து, அதில் தாரால் கட்டம் போட்டிருந்தார்கள். காய்களும் கடையில் வாங்கியவை இல்லை. மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்த ஜலால், தேய்ந்துபோன நட்டும் போல்ட்டுமாகப் பொறுக்கி வந்து செய்து கொடுத்தவை. ஒரு பக்கம் பித்தளை, மறுபக்கம் இரும்பு. சின்ன நட்டு என்றால் சிப்பாய், தடித்த போல்ட்டு என்றால் யானை. பித்தளை ராஜா மட்டும் ஒரு பழைய குழாயின் தலை. கிரீடம் வைத்த மாதிரியே இருப்பான்.

சட்டம் வந்ததற்குக் காரணம் இப்ராஹிம் சாச்சா. லாரி ஓட்டுகிறவர். தங்கமான மனிதர்தான். ஆனால் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அவருக்கு உடனே தாகம் எடுத்துவிடும். "இதோ, தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்து போவார். அடுத்த வாரம்தான் திரும்பி வருவார்! லைன்காரர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் சட்டம் போட்டுவிட்டார்கள்.

ஆனால் அவசரம் யாருக்குத்தான் வராது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சாக்கின் ஓரத்தில் எப்போதும் ஓர் ஆற்றுக்கல் கிடக்கும். எதிராளி அந்தக் கல்லை எடுத்துச் சாக்கின் மேல் வைத்துவிட்டால் ஆட்டம் அப்படியே நிற்கும். எழுந்து போகலாம், வரலாம், தோல்வி இல்லை. எழுந்த பிறகு வைத்தாலும் செல்லும். ஆனால் கல்லை வைக்கிற உரிமை எதிராளிக்கு மட்டும்தான். அவர் வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை.

இந்தக் கல்லால்தான் இவ்வளவு கதையும்.

ஜலாலின் மகள் ஸைராவுக்குப் பதினோரு வயது. லைனில் பாதிப் பேரை அவள் சதுரங்கத்தில் தோற்கடித்திருந்தாள். ஆனால் உர்மிளாவை மட்டும் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. உர்மிளாவின் அப்பா பாலசுப்பிரமணி, மில் ஆபீஸில் குமாஸ்தா. ஸைராவும் உர்மிளாவும் தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளியில் ஒரே பெஞ்சு. சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள், ஒரே கரும்பை ஆளுக்கொரு பக்கம் கடிப்பார்கள். சாக்கின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் உர்மிளா இரக்கமே காட்ட மாட்டாள்.

ஆட்டக் கணக்கை எழுதுகிறவன் கமலேஷ். தகரக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பான். உர்மிளா 17, ஸைரா 0. அந்தப் பூஜ்யத்தை அவன் வேண்டுமென்றே பெரிசாகப் போடுவான் என்று ஸைராவுக்குச் சந்தேகம்.

அந்த வருஷம் கரும்பு அரைக்கிற காலத்தில் ஒரு செய்தி வந்தது. உர்மிளாவின் அப்பாவுக்கு லம்பாசா மில்லுக்கு மாற்றல். லம்பாசா என்றால் அடுத்த தெரு இல்லை. கடல் தாண்டி வேறு தீவு. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லிங்டன் துறையில் படகு ஏற வேண்டும்.

"சனிக்கிழமை முழுக்க நாம ஆத்தங்கரையிலதான்" என்றாள் உர்மிளா. "கொய்யா பறிக்கலாம், குளிக்கலாம். இருட்டற வரைக்கும் வீட்டுக்கே போகக் கூடாது."

"சரி. வெள்ளிக்கிழமை?"

"வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம்."

கடைசி ஆட்டம்! ஸைராவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது அந்தப் பூஜ்யத்தை அழித்தே ஆக வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாக்கைச் சுற்றி லைன் பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஸைராவோடு அவள் தம்பி ஷவுக்கத்தும் வந்திருந்தான். மூன்று வயது. கையில் எது கிடைத்தாலும் வாயில் போடுவான். "தம்பியைப் பாத்துக்கோ" என்று அம்மா மும்தாஜ் மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஸைராவும் மூன்று தடவை "ம்" கொட்டியிருந்தாள்.

ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடியது. காய்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியில் சாக்கின் மேல் ஐந்தே காய்கள். உர்மிளாவுக்குப் பித்தளையில் ராஜா, யானை, ஒரு சிப்பாய். ஸைராவுக்கு இரும்பில் ராஜாவும் யானையும் மட்டும்.

ஒரு சிப்பாய்தானே அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சின்ன நட்டு கடைசிக் கட்டம் வரை போய்விட்டால் ராணி ஆகிவிடும்.

ஸைராவின் ராஜா கடைசி வரிசையில், சிப்பாயின் வழியை மறித்துக்கொண்டு நின்றான். உர்மிளாவின் யானை அவனை அந்த வரிசையிலேயே அடைத்து வைத்திருந்தது. உர்மிளாவின் ராஜா சிப்பாயின் பக்கத்தில் நின்றான். அவன் இன்னும் ஓரடி முன்னே வந்தால் ஸைராவின் கதை முடிந்தது. நகர்த்த வேண்டியது ஸைரா.

ஸைரா யோசித்தாள். கன்னத்தில் கை வைத்து யோசித்தாள், கையை மாற்றி யோசித்தாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் தோல்வியாகவே தெரிந்தது.

"என்ன ஸைரா, முட்டை போட்டு அடைகாக்கறியா?" என்றான் கமலேஷ்.

"சும்மா இருடா!"

தூரத்தில், லைனை ஒட்டி ஓடும் தண்டவாளத்தில், மில்லுக்குக் கரும்பு வண்டிகளை இழுத்து வரும் லோக்கோ எஞ்சின் கூவியது. அரைக்கிற காலத்தில் அது நாள் முழுக்கக் கூவிக்கொண்டுதான் இருக்கும். யார் திரும்பிப் பார்ப்பது? ஸைராவின் முதுகு தண்டவாளத்தின் பக்கம். உர்மிளாவின் முகம் தண்டவாளத்தின் பக்கம்.

திடீரென்று உர்மிளா எழுந்தாள். பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

"எழுந்துட்டா!" என்று கத்தினான் கமலேஷ். "சாக்கை விட்டு எழுந்துட்டா!"

ஸைராவுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி துள்ளிக் குதித்தாள். "ஜெயிச்சுட்டேன்! நான் ஜெயிச்சுட்டேன்!" பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். கமலேஷ் கொட்டகைச் சுவருக்கு ஓடிப்போய்ப் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒன்று போட்டான்.

உர்மிளா ஏன் ஓடினாள் என்று யாரும் கேட்கவில்லை. ஸைராவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் உர்மிளா திரும்பி வந்தாள். இடுப்பில் ஷவுக்கத். அவன் வாயில் ஒரு கரும்புத் துண்டு. உர்மிளாவின் முழங்கால் சிராய்த்து ரத்தம் கசிந்தது. அவள் பின்னால் லோக்கோ கடகடவென்று கரும்பு வண்டிகளை இழுத்துக்கொண்டு போனது.

"உன் தம்பி தண்டவாளத்துல உக்காந்து கரும்பு தின்னுட்டிருந்தான்" என்று சொல்லி, பையனை ஸைராவின் கையில் கொடுத்தாள்.

ஸைரா தம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கமலேஷ்தான் மெதுவாகச் சொன்னான். "இருந்தாலும் சட்டம்னா சட்டம். ஸைரா கல் வெக்கலையே. அவ வெச்சாத்தான் ஆட்டம் நிக்கும்."

எல்லாரும் ஸைராவைப் பார்த்தார்கள். உர்மிளாவும் பார்த்தாள்.

கல் ஸைராவின் காலடியிலேயே கிடந்தது. குனிந்து எடுத்தால் போதும். ஸைரா கல்லைப் பார்த்தாள். சுவரில் இருந்த ஒன்றைப் பார்த்தாள். மறுபடியும் கல்லைப் பார்த்தாள்.

குனியவில்லை.

"சரி" என்றாள் உர்மிளா. "ஜெயிச்சுட்ட." திரும்பி நடந்தாள். நொண்டி நொண்டித்தான் நடந்தாள்.

வீட்டில் அதற்குள் செய்தி போய்விட்டது. ஆனால் பாதிச் செய்திதான் போயிருந்தது. "குமாஸ்தா பொண்ணையே ஜெயிச்சுட்டியாமே!" என்று மும்தாஜ் ரவை கிளறி இனிப்புச் செய்தாள். அத்தா ஜலால் அக்கம்பக்கத்தாரிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஷவுக்கத் மட்டும் தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தான். "லோக்கோ கூஊஊ! உம்மிக்கா ஓடி வந்தா. தூக்கினா. டமால்னு விழுந்தா."

"என்னடா உளர்றான் இவன்?" என்றாள் மும்தாஜ்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் ஸைரா. லைனில் பாயசம் வைத்தாலும் பாகு காய்ச்சினாலும் முதல் ஆளாகக் கிண்ணத்தை நீட்டுகிறவள் அவள். அன்று இனிப்பில் பாதியைத் தம்பிக்கே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. ஆற்றங்கரைக்குப் போக வேண்டிய சனிக்கிழமை.

காலையில் ஸைரா உர்மிளாவின் வீடு வரைக்கும் போனாள். கதவு திறந்திருந்தது. உர்மிளா ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள், முழங்காலில் துணிக்கட்டு. அவள் அம்மா ப்ரேமிலா மாமி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டியதுதானே? வாயில் என்ன கொழுக்கட்டையா? ஸைரா வேலியோரம் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். வெட்கம் அவள் காலைப் பிடித்து இழுத்தது. அப்படியே திரும்பி ஓடி வந்துவிட்டாள்.

அன்று ஆற்றங்கரைக் கொய்யாவை எந்தப் பறவை தின்றதோ தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் போய்ச் சாக்கை விரித்தாள். அந்த ஐந்து காய்களையும் வெள்ளிக்கிழமை எங்கே நின்றனவோ அங்கேயே வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. காயத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரிதான்.

"நீ உர்மி பக்கம் ஆடு" என்று ஷவுக்கத்தை எதிரே உட்கார வைத்தாள்.

ஷவுக்கத் முதல் வேலையாகப் பித்தளை ராஜாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"துப்புடா!"

துப்பினான். ராஜாவைத் துடைத்து வைத்துவிட்டு அவளே இரண்டு பக்கமும் ஆடினாள். தன் யானையை இங்கே வைத்தால்? தோல்வி. அங்கே? அதுவும் தோல்வி. பித்தளை ராஜா ஓரடி முன்னே வந்துவிடுகிறான், அதுதானே தொல்லை. அவன் கால் வைக்கப்போகிற வரிசை முழுவதையும் அடைத்துவிட்டால்?

ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த தன் யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசைக்குக் கொண்டு வந்தாள். அடடா! யானையின் பார்வை அந்த வரிசை முழுக்க வேலி போல ஓடியது. பித்தளை ராஜா எந்தக் கட்டத்தில் கால் வைத்தாலும் யானையின் வழியில்தான் வைக்க வேண்டும். ஆகவே வைக்க முடியாது!

பத்துப் பதினைந்து தடவை ஆடிப் பார்த்தாள். யானை வேலியிலேயே நின்றால் பித்தளை ராஜா உள்ளே வர முடியவில்லை. சிப்பாயை முன்னே தள்ளினால்தான் வேலி உடைந்தது. ஆனால் சிப்பாய் நகர்ந்துவிட்டால் ராஜாவுக்கு ஒளிந்துகொள்ள மறைவில்லை. அப்போது யானை மறுகோடிக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் சொல்லலாம். அவன் நகர்ந்தால் மறுபடி செக். யாரும் ஜெயிக்க மாட்டார்கள், யாரும் தோற்க மாட்டார்கள். சமம்.

ஸைரா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆட்டத்தில் அவள் தோற்கிற நிலையிலேயே இல்லை. வழி சாக்கின் மேலேயே இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்திருந்தால் உர்மிளாவோடு நேர்மையாகவே சமம் செய்திருக்கலாம். உழைத்தே வாங்கியிருக்கக் கூடிய ஒன்றைப் போய்த் திருடிவிட்டாளே!

அவள் அழுதாள். ஷவுக்கத் தன் கரும்புத் துண்டை நீட்டினான். எச்சில் கரும்புதான். ஆனால் அவனிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

அழுது முடித்ததும் ஸைரா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். சுவரில் தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை அழித்தாள்.

கமலேஷ் ஓடி வந்தான். "ஏய்! எழுதினதை அழிக்கக் கூடாது!"

"எழுதினதே தப்பு."

"அப்ப யார் ஜெயிச்சது?"

"இன்னும் முடியல. நான் கல் வெக்கிறேன்."

"நேத்து வெக்க வேண்டியதை இன்னிக்கு வெப்பியா?"

"ஆமாம்" என்றாள் ஸைரா. கமலேஷ் தலையைச் சொறிந்தான். எழுந்தபிறகு வைத்தாலும் செல்லும் என்பதுதான் சட்டம். ஆனால் எத்தனை நேரத்துக்குள் என்று யாரும் சொல்லவில்லையே!

சாயங்காலம் அத்தா வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். தண்டவாளத்தைச் சொன்னபோது மும்தாஜ் ஷவுக்கத்தை வாரி எடுத்துக்கொண்டாள். ஜலாலின் முகத்தில் சிரிப்பு போயே போய்விட்டது.

"கல் உன் பக்கத்துலதான் இருந்துதா?" என்று கேட்டார்.

"காலுக்குக் கீழேயே இருந்துச்சு அத்தா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "இப்ராஹிமோட லாரிலதான் அவங்க சாமான் போகுது. காலைல ஆறு மணிக்குக் கிளம்பும்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு முன்பே ஸைரா லாரிக்குப் பக்கத்தில் நின்றாள். மடித்த சாக்கு ஒரு கையில். சாக்கோடு சேர்த்துப் பிடித்த பால் டின்னில் ஐந்து காய்களும் கல்லும். "உம்மிக்கா" என்று அழுது அடம்பிடித்த ஷவுக்கத் இன்னொரு கையில்.

உர்மிளா குடும்பம் முன்பே வேறு வண்டியில் போயிருந்தது. இப்ராஹிம் சாச்சா வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். கட்டில் கால்களுக்கு நடுவே ஸைரா உட்கார்ந்திருந்தாள். லாரி குலுங்கும்போதெல்லாம் டின்னுக்குள் காய்கள் கலகலத்தன.

எல்லிங்டன் துறையில் படகு நின்றிருந்தது. படகுக்காரர் செமி, ஆறடி உயர ஃபிஜியர், மண்ணெண்ணெய் டின்களை ஏற்றிக்கொண்டிருந்தார். உர்மிளா துறையின் மரப்பலகை மேல் தனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷவுக்கத் கையை உதறிக்கொண்டு ஓடப் பார்த்தான். ஸைரா அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"உர்மி."

உர்மிளா திரும்பினாள். சிரிக்கவில்லை.

"அன்னிக்கு நான் கல் வெச்சிருக்கணும்" என்றாள் ஸைரா.

"ஆமா. வெச்சிருக்கணும்."

"நீ என் தம்பிக்காகத்தான் ஓடினே. நான் ஆடிட்டிருந்தேன்."

"நீ ஆடினதுக்கு எனக்குக் கோபம் இல்ல. உனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகும் கல்லைப் பார்த்தியே. நான் பார்த்துட்டே நின்னேன். நீ பார்த்தே, எடுக்கல." உர்மிளா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நேத்து பூரா நீ வருவேன்னு உக்காந்திருந்தேன். கொய்யாக்குக் கூடையெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன் தெரியுமா?"

"வேலி வரைக்கும் வந்தேன்" என்றாள் ஸைரா. "உள்ளே வர வெட்கமா இருந்துச்சு. மன்னிச்சுடு உர்மி."

உர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷவுக்கத் அவள் மடியில் ஏறி உட்கார்ந்து முழங்கால் கட்டைத் தொட்டுப் பார்த்தான். "டமால்" என்று அனுதாபத்தோடு சொன்னான். அதற்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கையில என்ன, சாக்கா?"

"சாக்குதான். அஞ்சு காய்தான் கொண்டு வந்தேன். ஆட்டம் இன்னும் முடியல."

ஐந்து காய்களும் அவரவர் இடத்துக்கு வந்தன. உர்மிளாவுக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது. பித்தளை ராஜாவைக் கையில் எடுத்ததும் அவள் முகம் சுளித்தாள். "பிசுபிசுங்குதே!"

"ஷவுக்கத் வாயில போட்டுட்டான்."

உர்மிளா ராஜாவைப் பாவாடையில் துடைத்து வைத்தாள். "சரி. உன் முறை."

ஸைரா ஒரு கையால் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் யானையை மூன்றாவது வரிசையில் நிறுத்தினாள்.

உர்மிளாவின் புருவம் உயர்ந்தது. குனிந்து சாக்கைப் பார்த்தாள். விளையாட்டுத்தனம் போய்விட்டது. பதினேழு ஆட்டம் ஜெயித்தவள் இல்லையா! இரக்கம் காட்டுவாளா?

தன் யானையை அந்தக் கோடிக்குக் கொண்டுபோனாள். ஸைரா வேலியிலேயே யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். உர்மிளா ராஜாவைச் சுற்றிக் கொண்டு வந்தாள். ஸைரா மறுபடி ஒரு கட்டம். ஒரு தடவை செக் சொல்ல வழி கிடைத்தது; ஸைராவின் கை துறுதுறுத்தது. வேலியை விட்டு ஆசைக்கு ஓடினால் அவ்வளவுதான் என்று தெரிந்தது. ஓடவில்லை.

"விட மாட்டியா?" என்றாள் உர்மிளா.

"மாட்டேன்."

செமி டின்களை ஏற்றி முடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். இப்ராஹிம் சாச்சாவும் வந்து நின்றார். "எனக்கே தாகமா இருக்கு" என்றார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் உர்மிளா சிப்பாயை முன்னே தள்ளினாள். அடுத்து ராஜாவும் பக்கத்தில் வந்தால் செக்மேட் அபாயம். ஸைரா யானையை மறுகோடிக்கு ஓட்டினாள். ராஜா முன்னே வந்தான். "செக்!"

ராஜா நகர்ந்தான்.

"செக்!"

மறுபடி நகர்ந்தான். எங்கே போவான்? மறைவே இல்லை.

"செக்!"

உர்மிளா சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸைராவை நிமிர்ந்து பார்த்தாள். "யார் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் இல்ல. நேத்து நானே கண்டுபிடிச்சேன்." ஸைரா மூன்றாவது வரிசையை விரலால் காட்டினாள். "வெள்ளிக்கிழமையே இருந்திருக்கு உர்மி. எனக்குத்தான் தெரியல."

படகின் மணி அடித்தது. பாலசுப்பிரமணி மாமா கையைத் தட்டிக் கூப்பிட்டார். "உர்மிளா! வாம்மா, தண்ணி இறங்குது!"

"சமம்தான்" என்றாள் உர்மிளா. "நல்லா ஆடினே. சமம்னு ஒத்துக்கறேன். கமலேஷ்கிட்ட எழுதச் சொல்லு."

சமம்! பதினேழு தோல்விக்குப் பிறகு தோற்காத முதல் ஆட்டம். இதற்காகத்தானே சாப்பிடாமல், தம்பியைப் பார்க்காமல், கல்லை எடுக்காமல் எல்லாம் இருந்தது? ஸைரா சரி என்று தலையாட்டப் போனாள். ஆட்டவில்லை.

உர்மிளா எழுவதற்குக் கையை ஊன்றினாள்.

"இரு, எழுந்திருக்காதே!" ஸைரா டின்னுக்குள் கையை விட்டாள். ஆற்றுக்கல்லை எடுத்துச் சாக்கின் நடுவில் வைத்தாள். "இப்ப எழுந்திரு."

"ஏன்? அதான் சமம்னு சொன்னேனே."

"முடிச்சுட்டா நீ வர மாட்டே" என்றாள் ஸைரா. "கல் வெச்சா வந்துதானே ஆகணும்?"

உர்மிளா ஷவுக்கத்தின் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு பித்தளை ராஜாவைச் சட்டென்று எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"ஏய், அது லைன் ராஜா!"

"தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். இப்போதும் கொஞ்சம் நொண்டினாள். படகில் ஏறி நின்று கையை உயர்த்திக் காட்டினாள். வெயிலில் அவள் கையில் பித்தளை மின்னியது. படகு சின்னதாகி, புள்ளியாகி, மறைகிற வரைக்கும் ஸைரா தம்பியின் சட்டையைப் பிடித்தபடி நின்றாள். அந்தச் சனிக்கிழமையை யாராவது திருப்பிக் கொடுத்தால் லைனில் இருக்கிற எல்லா ஆட்டத்தையும் தோற்கத் தயார் என்று நினைத்துக்கொண்டாள். யார் கொடுப்பார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை கமலேஷ் சாக்பீஸோடு வந்து நின்றான். "முடிவு என்ன? நான் என்ன எழுத?"

ஸைரா சாக்பீஸை வாங்கினாள். தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, உள்ளே நிரப்பினாள். பார்ப்பதற்குக் கல் போலவே இருந்தது.

பிறகு சாக்கை விரித்தார்கள். பித்தளைப் பக்கத்தில் ராஜா இல்லை. ஷவுக்கத் எங்கிருந்தோ ஒரு சோடா மூடியைக் கொண்டுவந்து, அதிசயமாக வாயில் போடாமல், அந்தக் கட்டத்தில் வைத்தான்.

"நம்ம ராஜா எங்கேடீ?" என்று கேட்டாள் புதிதாக லைனுக்கு வந்த கம்லா.

"லம்பாசாவுக்குப் போயிருக்கான்" என்றாள் ஸைரா. "அவன் இன்னும் செக்லதான் இருக்கான். தப்பிக்கணும்னா இங்கே வந்துதான் ஆகணும்."